ஜிலேபியைத் திரும்ப விடாதீர்கள்!

ஞாயிற்றுக்கிழமை காலை, கண்மாய்க் கரை. ரீல் தூண்டில், தொப்பி, தோள்பை சகிதம் பைக்கில் வந்திறங்கிய இளைஞர், அரை மணி நேரக் காத்திருப்புக்குப் பிறகு உள்ளங்கை அகல மீன் ஒன்றைத் தூக்குகிறார். செல்பேசிக்கு முன்னால் அதை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டுகிறார். படம் எடுத்து முடித்ததும் தண்ணீருக்குள் விட்டுவிடுகிறார். பக்கத்தில் மூங்கில் குச்சியோடு குந்தியிருக்கும் பெரியவருக்கு மனசு கேட்கவில்லை.

“ஏந் தம்பி, ஜிலேபியப் போயி விட்டுட்டியேப்பா! கொழம்புக்கு வேணாம்னா எங்கிட்டக் குடுத்திருக்கலாம்ல?”

“பாவம்யா, பொழச்சுப் போகட்டும்.”

அடுத்த கால் மணி நேரத்தில் அதே இளைஞரின் தூண்டிலில் முழங்கை நீள விரால் மாட்டுகிறது. அது மட்டும் பைக்குள் போகிறது. வீட்டில் விரால் குழம்பு.

இதே காட்சியை மதுரை, சிவகங்கைக் கண்மாய்களிலும் செங்கல்பட்டு ஏரிகளிலும் இப்போது சாதாரணமாகப் பார்க்கலாம். யூடியூபின் தயவில் தூண்டில் போடுவது மறுபடியும் பொழுதுபோக்காகிவிட்டது. கூடவே வெளிநாட்டுக் காணொளிகளிலிருந்து ‘கேட்ச் அண்ட் ரிலீஸ்’ என்ற பழக்கமும் வந்திருக்கிறது. பிடித்த மீனைக் காயப்படுத்தாமல் திரும்ப விடுவது நல்ல பண்புதான். ஆனால், அந்த இரக்கம் நம் குளங்களில் ஆள் மாறிப் போய்ச் சேருகிறது. விடக் கூடாததை விட்டுவிட்டு, விட வேண்டியதைக் கொண்டுபோகிறோம்.

விருந்தாளி வீட்டுக்காரனான கதை

சிலேபி, ஜிலேபி, ஜிலேபிக் கெண்டை என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும் இந்த மீன் கெண்டையே இல்லை. நம் ஊர் மீனும் இல்லை. ஆப்பிரிக்காவின் தென்கிழக்குப் பகுதி ஆறுகளைச் சேர்ந்த மொசாம்பிக் திலேப்பியா இது. 1952இல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. பஞ்சமும் ரேஷனும் மக்கள் நினைவில் இருந்து அகலாத காலம் அது. தீவனச் செலவில்லாமல், எந்தத் தண்ணீரிலும் வளர்ந்து, மலிவாகப் புரதம் தரும் மீன் என்றால் யாருக்குத்தான் வேண்டாம் என்று சொல்லத் தோன்றும்?

ஏழே ஆண்டுகளில் எண்ணம் மாறியது. 1959இல் இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு இதை மேலும் பரப்பத் தடை விதித்தது. அதற்குள் மீன் முந்திக்கொண்டது. வெள்ளம் ஒரு ஏரியிலிருந்து இன்னொரு ஏரிக்குக் கொண்டுபோனதும், மீன் வளர்ப்போர் வாளியில் தூக்கிப்போனதுமாக ஊரெல்லாம் பரவிவிட்டது. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்கள் என்று அறிஞர்கள் தொகுத்த பட்டியலில் இதற்கும் இடம் உண்டு.

அது ஜெயிக்கும் விதத்தைக் கரையில் நின்றே பார்க்கலாம். கோடையில் தண்ணீர் தெளிந்து வற்றும்போது, ஓரத்து ஆழமில்லாத சேற்றில் தாம்பாளத்தைக் கவிழ்த்து அழுத்தியதுபோல் வட்ட வட்டமாகக் குழிகள் தெரியும். ஆண் ஜிலேபி வாயாலும் உடம்பாலும் தோண்டிய குழிகள் அவை. பெண் அங்கே முட்டையிட்டு, அத்தனையையும் வாய்க்குள் அள்ளிக்கொள்ளும். முட்டை பொரிந்து குஞ்சு நீந்தப் பழகும் வரை இரை தின்னாமல் வாயிலேயே சுமக்கும். ஆபத்து வந்தால் குஞ்சுகள் மறுபடி தாயின் வாய்க்குள் ஓடி ஒளியும். குளத்தில் மூன்று மாதத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும்; வெப்பம் இருந்தால் ஆண்டுக்குப் பல முறை முட்டையிடும். வெளியில் முட்டையிட்டு விதியிடம் ஒப்படைக்கும் கெண்டை எப்படி இதோடு போட்டி போடும்?

கூட்டம் பெருகினால் இரை குறையும். இரை குறைந்தால் மீன் வளராது. உள்ளங்கை அளவிலேயே நின்றுபோய், அந்த அளவிலேயே குஞ்சு பொரித்துக்கொண்டிருக்கும். நம் குளங்களில் முக்கால்வாசி ஜிலேபி ஏன் கையகலத்தைத் தாண்டுவதில்லை என்ற கேள்விக்கு விடை இதுதான். போதாக்குறைக்கு, மற்ற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் அது தின்னும்.

இடம் இழந்தவர்கள்

தமிழ்நாட்டில் ஏறக்குறைய 40,000 ஏரிகளும் கண்மாய்களும் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் சிறுமீன்களின் உலகம். கெண்டை, கெளுத்தி, விரால், குறவை, அயிரை, உளுவை, பனையேறிக் கெண்டை... ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம், தனி ருசி, தனிக் குழம்பு.

பனையேறிக்கு உலக வரலாற்றிலேயே இடமுண்டு. தரங்கம்பாடியில் டேனிஷ் கம்பெனியின் ராணுவ அதிகாரியாக இருந்த டால்டார்ஃப், 1791இல் குளத்தங்கரைப் பனைமரத்தின் வெடிப்பில் இந்த மீன் மேல்நோக்கி ஏற முயன்றதைக் கண்டதாக எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கம் 1797இல் அதை வெளியிட்டது. மீன் உண்மையிலேயே பனை ஏறியதா, காக்கையோ பருந்தோ கவ்விக்கொண்டுபோய் அங்கே போட்டதா என்ற விவாதம் பிறகு நெடுநாள் நடந்தது. ஈரத் தரையில் செவுள் மூடியை ஊன்றி ஊன்றி அது நடக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. புதுமழை இரவில் வரப்பில் அது நடந்துபோவதைப் பார்த்த விவசாயிகள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

ஏரியில் தூண்டில் போடுவதும் நேற்று வந்த மோகமில்லை. சென்னை மாகாணத்தில் ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற ஆங்கிலேயர், இந்திய ஏரிகளில் தூண்டில் போடுவதைப் பற்றி மட்டுமே 1887இல் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அப்போது ஜிலேபி என்ற பேச்சே இல்லை. கரையில் அமர்ந்தவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் இந்த மண்ணின் மீன்கள்.

எல்லாப் பழியையும் ஜிலேபியின் தலையில் போடுவதும் நியாயமில்லை. சாக்கடை கலப்பு, ஆக்கிரமிப்பு, பூச்சிமருந்து, தூர்ந்துபோன வரத்துக்கால் என்று காரணங்கள் பல. குத்தகைதாரர்கள் விடும் கட்லா, ரோகு, மிர்கால்கூட கங்கைச் சமவெளியிலிருந்து இங்கே வந்தவைதான். ஆனால், தூண்டில் பிடித்த கையால் உடனே செய்யக்கூடிய காரியம் என்று பார்த்தால், ஜிலேபியிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

பிவா ஏரியின் பெட்டிகள்

‘கேட்ச் அண்ட் ரிலீஸ்’ எங்கிருந்து வந்ததோ, அங்கேயே இதற்கு விதிவிலக்கு உண்டு. அமெரிக்கக் குட்டைகளில் புளூகில், கிராப்பி என்று கையகல மீன்கள் ஏராளம். வறுசட்டிக்குள் முழுதாக அடங்குவதால் ‘சட்டி மீன்’ என்ற பொருளிலேயே அவற்றைப் பொதுவாக அழைக்கிறார்கள். புளூகில் அங்கே மண்ணின் மைந்தன்தான். இருந்தும், சிறு குட்டையில் அது பெருகி வளர்ச்சி நின்றுபோனால், பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றுதான் மீன்வளத் துறையினர் சொல்கிறார்கள்.

அதே புளூகில் ஜப்பானுக்குப் போன கதை இன்னும் சுவையானது. 1960இல் அமெரிக்கா சென்ற ஜப்பானியப் பட்டத்து இளவரசர் அகிஹிட்டோவுக்கு சிகாகோ மேயர் இந்த மீனைப் பரிசளித்தார். அகிஹிட்டோ மீன்களை ஆராய்ந்த அறிவியலாளரும்கூட. உணவுக்கு உதவும் என்று ஆராய்ச்சி நிலையத்திடம் ஒப்படைக்கப்பட்ட மீன், நாடெங்கும் பரவி உள்ளூர் மீன்களை ஒடுக்கியது. 2007இல், பேரரசராக இருந்த அகிஹிட்டோ, பிவா ஏரி அமைந்துள்ள ஷிகா மாகாணத்தில் பேசும்போது அதற்காகத் தன் வருத்தத்தைப் பகிரங்கமாகச் சொன்னார்.

ஷிகா மாகாணம் வருத்தத்தோடு நிற்கவில்லை. பிவா ஏரியில் பிடிபடும் புளூகில், பாஸ் மீன்களைத் திரும்பத் தண்ணீரில் விடக் கூடாது என்று 2003 முதல் விதி நடைமுறையில் இருக்கிறது. தூண்டில்காரர்கள் அவற்றைப் போட்டுவிட்டுப் போகக் கரையோரங்களில் பெட்டிகள் வைத்தார்கள். நம் ஊரில் பெட்டிகூடத் தேவையில்லை. குழம்புச் சட்டி போதும்.

தொடத் தெரிய வேண்டும்

விடுவதோ வைத்துக்கொள்வதோ, மீனைத் தொடத் தெரியாவிட்டால் இரண்டுமே கெட்டுப்போகும். முன்பு தாத்தாவோ மாமாவோ கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்த விஷயம் இது. காணொளியில் இது வருவதே இல்லை.

ஜிலேபியின் முதுகில் 15 முதல் 17 முட்கள் வரை உண்டு. வால் பக்கமிருந்து பிடித்தால் அத்தனையும் கையில் ஏறும். தலைக்கு முன்னாலிருந்து உள்ளங்கையை வால் நோக்கி வழித்துக்கொண்டு போனால் முட்கள் தாமாகப் படியும். அதன்பின் கெட்டியாகப் பிடிக்கலாம். கொண்டுபோவதென்று முடிவான மீனை வாளியில் மூச்சுத் திணற விடுவது கொடுமை; சதையும் குழைந்துபோகும். தலையில் கட்டையால் ஒரே போடு, உடனே ஐஸ். ஆயும்போது பித்தப்பை உடையாமல் எடுக்க வேண்டும். உடைந்தால் கறி கசக்கும். மருந்து என்று நம்பி ரோகு போன்ற கெண்டை இனங்களின் பித்தப்பையைப் பச்சையாக விழுங்கிச் சிறுநீரகம் பழுதானவர்கள் உண்டு.

கெளுத்திக்கு முதுகில் ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று என மூன்று முட்கள். விரித்தால் பூட்டுப் போட்டதுபோல் நின்றுவிடும், அழுத்தினாலும் மடங்காது. பக்க முட்களுக்குப் பின்புறம் விரல்களைக் கொடுத்துத்தான் பிடிக்க வேண்டும். தேளி மீனை வெறுங்கையால் தொடவே கூடாது. அதன் முள்ளில் விஷம் உண்டு, பெயரே எச்சரிக்கை. குத்திவிட்டால், காயத்தைக் கழுவி, தோல் வெந்துபோகாமல் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் அமிழ்த்த வேண்டும். சூட்டில் அந்த விஷம் வீரியம் இழக்கும். முள் முறிந்து உள்ளே தங்கினாலும், தூண்டில் முள் விரலில் ஆழமாக ஏறினாலும், இழுத்துப் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போவதும் தடுப்பூசி போட்டுக்கொள்வதும்தான் வழி.

இனி, விட வேண்டிய மீன்கள். குஞ்சோடு திரியும் விரால், பனையேறி, உள்ளூர்க் கெண்டைகள், நம் ஊர்ச் சினை மீன்கள் இந்த வரிசையில் வரும். ‘நழுவுற மீன்’ என்று சொல்கிறோமே, அந்த வழவழப்புதான் மீனின் கவசம். காய்ந்த கையாலோ துண்டாலோ அழுத்திப் பிடித்தால் அது உரிந்துபோய், விட்ட பிறகு பூஞ்சை பிடிக்கும். எனவே, கையை முதலில் தண்ணீரில் நனைக்க வேண்டும். சூடேறிய கரையில், கல்லில், மணலில் மீனைப் போடக் கூடாது. தூண்டில் முள்ளின் எதிர்முள்ளைக் குறடால் முன்பே நசுக்கி வைத்தால், வாயைக் கிழிக்காமல் நொடியில் கழற்றலாம். தொண்டைக்குள் விழுங்கியிருந்தால் நோண்டாமல், வாய்க்கு அருகில் தூண்டில் நரம்பை வெட்டிவிடுவது மேல்.

பனையேறியைப் பிடிப்பவர் செவுள் மூடியின் ரம்பப் பற்களிலிருந்து விரலை விலக்கி வைக்க வேண்டும். விராலும் பனையேறியும் காற்றைச் சுவாசிப்பவை. அதனால்தான் கரையில் வெகுநேரம் துடித்துக் கிடக்கின்றன. மேலே வந்து மூச்சுவிட முடியாதபடி தண்ணீருக்குள்ளேயே வலைப்பையில் அடைத்து வைத்தால் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். கெண்டை நேர்மாறு. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் அதிகபட்சம் ஏழரை மில்லிகிராம் ஆக்ஸிஜன்தான் கரைந்திருக்கும். சித்திரை வெயிலில் சோர்ந்திருக்கும் கெண்டையை இரண்டு நிமிடம் வெளியே வைத்துப் படமெடுத்தால், நீந்திப் போவதுபோல் போய்ச் சற்றுத் தள்ளி மல்லாந்து மிதக்கும்.

விராலைப் பற்றித் தனியாக ஒரு சொல். தண்ணீரின் மேல் செம்மஞ்சளாகப் பந்துபோல் குஞ்சுக் கூட்டம் கொதித்துக்கொண்டிருந்தால், அதற்குக் கீழே தாயோ தந்தையோ காவல் நிற்கும். அங்கே ரப்பர் தவளையை வீசினால் மாட்டுவது உறுதி. காவல் காக்கும் ஆவேசத்தில் அது பாய்ந்து கடிக்கும். காணொளிகளில் கைதட்டல் வாங்கும் ‘டெக்னிக்’ இது. பெற்றோரைத் தூக்கிய சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகின்றன. குஞ்சுக் கூட்டத்தைக் கண்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு பத்தடி தள்ளிப் போவதுதான் மரியாதை.

சில எதிர்வாதங்கள்

“அரசே திலேப்பியா வளர்க்கச் சொல்கிறதே?” என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். உரிமம் பெற்ற பண்ணைகளில், மேம்படுத்திய ‘கிஃப்ட்’ ரகத்தை வளர்க்க ஊக்கம் தருகிறார்கள். அடைத்து வளர்ப்பது வேறு. ஊர்ப் பொதுக் கண்மாயில் பெருக விடுவது வேறு. பண்ணையிலிருந்து தப்பாமல் பார்த்துக்கொள்வது வளர்ப்பவர் பொறுப்பு. “ஏழைக்கு மலிவாகக் கிடைக்கும் மீனாச்சே?” என்பது இரண்டாவது கேள்வி. ஆமாம், அதனால்தான் பிடித்துச் சாப்பிடச் சொல்கிறோம். தூண்டில்காரர்கள் ஒன்று சேர்ந்தாலும் ஜிலேபியை ஒழித்துவிட முடியாது. குழம்புக்குப் பஞ்சம் வராது. நெருக்கம் சற்றுக் குறைந்தால் மிஞ்சிய ஜிலேபியாவது பெரிதாக வளரும்.

சாக்கடையும் ஆலைக்கழிவும் விழும் ஏரியில் பிடித்ததைத் தின்னவே கூடாது. நகரத்து ஏரிகள் பலவற்றின் நிலை இதுதான். அங்கே பிடிபடும் ஜிலேபியைப் புதைத்து விடலாம், தென்னைக்கு உரமாகும். வளர்க்கத் தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்திக்கும், தொட்டி வைத்திருப்பவர்கள் அலுத்துப்போய் ஏரியில் கொட்டும் ‘டேங்க் கிளீனர்’ மீனுக்கும் இதே விதிதான்.

ஊராட்சி என்ன செய்யலாம்?

பெரும்பாலான கண்மாய்கள் மீன்பாசி ஏலத்தில் போகின்றன. ஏலம் எடுத்தவருக்குத் தூண்டிலோடு வரும் சிறுவனும் திருடன்தான். விரட்டுகிறார்கள், சிறுவர்கள் ஆள் பார்க்காத மறுகரைக்குப் போகிறார்கள். சவுடு மண் அள்ளிய பள்ளங்கள் இருப்பதும் பெரும்பாலும் அங்கேதான். முழங்கால் ஆழம் என்று நம்பி வைத்த கால், அடுத்த அடியில் ஆளையே விழுங்கும். கோடை விடுமுறை தோறும் நாளிதழ்களில் வரும் மரணச் செய்திகளுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஏல நிபந்தனைகளில் ஒரே ஒரு வரியைச் சேர்த்தால் இது மாறும். கரையின் ஒரு பகுதி, ஆழம் தெரிந்த, ஆள் நடமாட்டமுள்ள பகுதி, உள்ளூர்க்காரர்களின் கைத்தூண்டிலுக்கு. அங்கே பிடிக்கும் ஜிலேபி பிடித்தவருக்கே. குத்தகைதாரர் விட்ட கட்லா, ரோகு மாட்டினால் திரும்ப விட வேண்டும். ஜிலேபி குறைந்தால் தன் கெண்டைக் குஞ்சுகளுக்கு இரை மிஞ்சும் என்பது குத்தகைதாரருக்கும் லாபம்தான். சென்னை சேத்துப்பட்டு ஏரிப் பூங்காவில் தூண்டில் போடுவதற்கென்றே இடம் ஒதுக்கிக் காட்டியது நம் மீன்வளத் துறைதான். நகரத்தில் முடிந்தது கிராமத்தில் முடியாதா?

அந்தக் கரையில் ஒரு பலகை வைக்கலாம். விட வேண்டிய மீன்களின் படம் ஒரு பக்கம், விடக் கூடாதவை மறுபக்கம், தேளி குத்தினால் என்ன செய்வது என்பது கீழே. அறுந்த நரம்பைப் போட ஒரு டப்பா. கரையில் கிடக்கும் நரம்பு, நாரையின் காலையும் நீர்க்காகத்தின் கழுத்தையும் சுற்றிக் கொல்கிறது. வேட்டு வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டமே தடை செய்துவிட்டது என்பதையும் எழுதி வைக்கலாம். பல ஊர்களில் பிளீச்சிங் பவுடர் கரைப்பவர்களுக்கு இன்னும் அது தெரியாது.

தென் மாவட்டங்களில் அறுவடை முடிந்து தண்ணீர் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கிறது. ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும், ஊத்தா, கச்சா, வலையோடு ஆயிரக்கணக்கானோர் கண்மாய்க்குள் இறங்குகிறார்கள். பிடித்ததை விற்கக் கூடாது, சமைத்துச் சாப்பிட வேண்டும் என்ற கட்டுப்பாட்டைப் பல ஊர்கள் இன்றும் காப்பாற்றுகின்றன. துண்டு வீசும் முன்பு, ‘ஜிலேபி ஒன்றையும் விடாதீங்க, விரால் குஞ்சையும் பனையேறியையும் தண்ணியிலேயே விட்டுருங்க’ என்று ஒலிபெருக்கியில் ஒரு முறை சொன்னால் ஊரே கேட்கும். வரும் பங்குனி, சித்திரையில் எந்த ஊர் இதை முதலில் சொல்லப்போகிறது?